மீதம் நான்கு முயற்சிகள்

பிப்ரவரியில் ஹான்காக் ஊரில்
என் கடைக்கு வருகிறவர்கள்
முதலில் பூட்ஸைத் தட்டுவார்கள்,
பிறகுதான் குறை சொல்வார்கள்.
ஆர்விட் லாட்டி தட்டவில்லை.
கம்பளிக் கையுறைக்குள் கைவிட்டு,
பிடித்த மீனைக் காட்டுவதுபோல்,
பழைய போன் ஒன்றை எடுத்து வைத்தார்.
பொத்தான் போன். ஐந்தாம் எண் தேய்ந்து
வெறும் மேடாக இருந்தது.

காப்பர் ஹார்பருக்குக் குடிபோய்விட்டாராம்.
நீலக் கம்பெனிக்கு அங்கே கோபுரம் இல்லை.
சிவப்புக் கம்பெனிக்கு ஒன்று உண்டு, குன்றின்மேல்,
காற்று அனுமதித்தால்.
புது சிம்மை அவரே வாங்கி வந்திருந்தார்,
புகையிலை டப்பாவுக்குள்.

போட்டுப் பார்த்தேன்.
இந்த அட்டை செல்லாது என்றது திரை.

"காசு கட்டி முடித்து ஆறு வருஷம்."
"தெரியும்."
"அப்போ இது யாருடையது?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் மனப்பாடமாக ஒரு பதில் உண்டு.
அன்று சொல்லவில்லை.
நட்சத்திரம், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ்.
பதினைந்து இலக்கம் வந்தது.
மதியம் பேஸ்டி வாங்கிய ரசீதின் பின்னால்
எண்ணெய் படாத இடமாகப் பார்த்து எழுதினேன்.

கடைத் தொலைபேசியில் நாற்பது நிமிஷம்
ஒரே பியானோ.
சுவரில் தொங்கும் சார்ஜர்களின் விலையை எல்லாம்
அவர் ஒருமுறை வாசித்து முடித்தார்.
பிறகு ஒரு பெண்குரல்.
கணக்கு யார் பெயரில், ஐயா?
"லொரெட்டா லாட்டி."
அருகில் இருக்கிறாரா?
"டூசானில் இருக்கிறாள்," என்றார். "வெயிலில்."

சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தெரிந்திருந்தது,
பத்தொன்பது வருஷ வரிப் படிவங்கள்.
ரகசியக் கேள்வியில்தான் மாட்டினார்.
உங்கள் முதல் செல்லப்பிராணியின் பெயர்?
"ரஸ்டி."
இல்லை.
"அதற்கு முன்னால் ஒரு பூனை... ஸ்மோக்கி."
இல்லை. இன்னொன்று தப்பினால் முடக்கிவிடுவோம், ஐயா.

என் கைப்பேசியைக் கேட்டு வாங்கினார்.
எண்ணை எங்கும் தேடவில்லை, அப்படியே அழுத்தினார்.
எனக்குக் கேட்டது ஒரு பக்கம்தான்:
"நான்தான்."
"இல்லை, யாரும் சாகவில்லை."
"பழசுதான். அதேதான்."
"கூரை நன்றாகத்தான் இருக்கிறது."
"ஒரு கேள்வி கேட்கிறார்கள், லொரெட்டா."
பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
காதுமடல் சிவந்தது.
என்னைப் பார்க்காமல் ஸ்பீக்கர் பக்கம் குனிந்து
"ஆர்விட்" என்றார்.
உங்கள் பெயரல்ல, ஐயா, செல்லப்பிராணியின்...
"அதுதான். அந்தப் பெயர்தான்."

நான் டிராயருக்குள் தலையை விட்டு
தேவையில்லாத ஸ்க்ரூடிரைவர் ஒன்றைத் தேடினேன்.
அவர் கையில் என் போன் இன்னும் அணையவில்லை.
டூசான் சிரித்துக்கொண்டிருந்தது,
இருமல் வரும்வரை.

குறியீடு வந்தது. தானே அடிப்பேன் என்றார்.
மரம் அறுக்கும் விரல்; ஒருமுறை வைத்தால் மூன்று பொத்தான்.
தவறு. மீதம் நான்கு முயற்சிகள்.
"அவள் எனக்கு இத்தனை கொடுக்கவில்லை."

மறுமுறை நான் வாசித்தேன், அவர் அழுத்தினார்.
ஏழு. ஏழு. பூஜ்யம். பொறுங்கள். ஏழு எடுத்துவிட்டதா?
எடுத்துவிட்டது.

திறந்ததில் ஒரு சத்தமும் இல்லை.
மூலையில் மூன்று கோடு எழுந்து நின்றது.
முதல் குறுஞ்செய்தி சிவப்புக் கம்பெனியுடையது:
நல்வரவு, ஹவாய் போக அரைக் கட்டணம்.

இருபது டாலர் என்றேன்.
ஐந்து ஐந்தாக எண்ணினார், நோட்டில் தூண்டில்புழு வாசம்.
"இனி நீலக்காரனிடமே திரும்பினாலும் எடுக்குமா?"
"எவன் அட்டை போட்டாலும் எடுக்கும்."
கொஞ்சம் யோசித்தார்.
"இந்தக் குளிரில் அப்படி ஒரு கதவு
யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்."
என் கதவை இழுத்து,
தாழ் விழுந்த சத்தம் கேட்டபிறகே கையை எடுத்தார்.

தரையில் அவர் பூட்ஸ் அளவில் இரண்டு குட்டை.
பழைய அட்டையை மறந்துவிட்டுப் போயிருந்தார், நகத்தளவு.
துடைப்பத்தைத் தேடும்போது என் போன் அடித்தது.
அரிசோனா எண்.
"மன்னிக்கணும், நீங்கள் யாரென்று தெரியாது," என்றாள்.
"அந்தக் கூரை
நிஜமாகவே நன்றாக இருக்கிறதா?"